சிங்கப்பூரைக் கட்டிய கைதிகள்

சிங்கப்பூரைச் சுற்றிப் பார்த்துத் திரும்பியவர்களிடம், அங்கே என்ன கண்டீர்கள் என்று வினவினால் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கும். சிங்கத் தலையும் மீனுடலும் கொண்டு வாயால் நீரைப் பொழியும் மெர்லயன் சிலையைக் கண்டோம், அதன் முன்னே நின்று படம் பிடித்துக்கொண்டோம், கடைவீதிகளில் அலைந்தோம் என்பர். அதிற் குற்றமில்லை. ஆனால் அச்சிலை பழம்பொருளன்று. உல்லாசப் பிரயாண சபையார் 1964ஆம் ஆண்டிலே தமது சின்னமாகக் கொண்ட உருவம் அது. சிலையாக எழுந்தது 1972இல். இப்பொழுது நிற்கும் இடத்துக்குப் பெயர்க்கப்பட்டது 2002இல். அந்த ஆற்று முகத்தில் உண்மையிலேயே பழமையான பொருளொன்று முன்னர் இருந்தது. எழுத்துப் பொறித்த பெரும் பாறை அது. 1843ஆம் ஆண்டிலே கட்டட வேலைக்காக அதனை வெடிவைத்துத் தகர்த்துவிட்டனர். எஞ்சிய துண்டொன்று நூதனசாலையில் இருக்கின்றது. அதிலுள்ள எழுத்தை இன்றுவரை ஐயமறப் படித்தார் எவருமில்லை.

இவ்வாறு அந்நகரிலே கண்ணுக்குப் புலப்படுபவை சில, மறைந்தொழிந்தவை சில. கண்ணெதிரே நின்றும் தம் வரலாற்றைச் சொல்லாதிருப்பவை வேறு சில. நேயர்களே, இம்மூன்றாம் வகையைப் பற்றியே இன்று பேச எண்ணுகின்றேன்.

மெர்லயன் சிலையிலிருந்து ஆற்றின் வழியே சிறிது தூரம் நடந்தால் கவெனா பாலம் வரும். 1869இல் அமைந்த இரும்புப் பாலம். மூன்று அந்தருக்கு மேற்பட்ட பாரமுடைய வண்டிகளும், மாடுகளும் குதிரைகளும் இதன்மேற் செல்லலாகாது என்னும் பழைய அறிவித்தல் இன்னும் அங்கே நிற்கின்றது. மாடும் குதிரையும் அப்பக்கம் தலைகாட்டிப் பன்னெடுங் காலமாயிற்று. அறிவித்தலை மட்டும் எடுத்தாரில்லை. பிரயாணிகள் அதனைப் படித்து நகைத்துச் செல்கின்றனர். பாலத்தின் இரும்பு ஸ்கொத்லாந்திலிருந்து வந்தது. அதனைப் பொருத்தி நிறுத்திய கைகளோ இந்தியாவிலிருந்து விலங்கிட்டுக் கொண்டுவரப்பட்டவர்களின் கைகள்.

அவர்கள் எவ்வாறு அங்கே வந்தனர்? கொலை, கொள்ளை முதலிய குற்றங்களுக்காகத் தீவாந்தர தண்டனை பெற்றோரை ஆங்கிலேயக் கும்பனியார் முன்னர் சுமாத்திராத் தீவிலுள்ள பென்கூலனுக்கு அனுப்பி வந்தனர். 1824ஆம் ஆண்டு உடன்படிக்கையால் பென்கூலன் ஒல்லாந்தர் வசமாயிற்று. எனவே 1825 ஏப்ரிலில் அங்கிருந்த கைதிகளைச் சிங்கப்பூருக்குக் கொண்டுவந்தனர். முதலில் வந்தவர்கள் சென்னை மாகாணத்தார். சில நாட்களின் பின் வங்காளத்தார் வந்தனர். ஆகவே எல்லாரும் தமிழர் என்று நாம் பெருமையோ துக்கமோ கொள்வதற்கில்லை. வங்காளி, பஞ்சாபி, தெலுங்கர், தமிழர் என்று பலரும் அக்கூட்டத்தில் இருந்தனர். 1860ஆம் ஆண்டளவில் அவர்தொகை 2,000க்கு மேற்பட்டிருந்தது.

சிறை நிருவாகத்தில் வியக்கத்தக்க முறை ஒன்று கையாளப்பட்டது. கைதிகளை ஆறு வகுப்பாகப் பிரித்தனர். புதிதாய் வந்தவன் காலில் விலங்குடன் வீதி வேலை செய்வான். நன்னடத்தை காட்டினால் விலங்கு கழலும். அதன் பின்னர் சிறு உத்தியோகம் பெற்று, தன்னைப் போன்ற மற்றைக் கைதிகளுக்குத் தானே காவலனாவான். இறுதியில், வெளியே வசித்து உழைத்துண்ண அனுமதிச் சீட்டும் பெறலாம். சிறையதிகாரியாயிருந்த மக்னெயர் என்பவர் இதைப் பற்றி 1899இல் வெளியிட்ட நூலுக்கு, ‘கைதிகளே தமக்குக் காவலர்’ என்று பொருள்படத் தலைப்பிட்டார். கல் தச்சு, கொல்லு வேலை, செங்கல் அறுத்தல், அச்சு வேலை ஆகியவற்றை அவர்கள் சிறையிலே பயின்றனர். சிலர் புகைப்படம் பிடிக்கவும் கற்றனர். காட்டோரத்திற் புலிகள் மனிதரை அடித்துத் தின்ற காலத்திலே, கைதிகள் சிலர் கையில் துவக்கைக் கொடுத்துப் புலி வேட்டைக்கு அனுப்பிய செய்தியும் உண்டு. கொலைத் தண்டனைக்குத் தப்பியவனிடம் துவக்கைக் கொடுத்து அவன் திரும்பி வருவானென்று நம்பியிருப்பது எளிய காரியமன்று.

இனிப் புனித அந்திரேயர் பேராலயத்துக்கு வருவோம். பசும்புல் வெளியின் நடுவே வெண்ணிறமாய் நிற்கும் இக்கோயிலைக் காணாது செல்லும் பிரயாணி அரியர். முன்பிருந்த ஆலயம் இருமுறை இடிவிழுந்து பழுதுற்றமையால், 1856இல் புதியதற்கு அடிக்கல் நாட்டினர். மக்பேர்சன் என்னும் இராணுவப் பொறியியலாளர் படம் வரைந்தார். கைதிகள் கட்டினர். 1861இல் முதல் வழிபாடு நிகழ்ந்தது. மணிகளைத் தாங்கும் பெருங்கோபுரமே முதலில் எண்ணப்பட்டதெனினும், அத்திவாரம் அப்பாரத்தைத் தாங்காதென்று கண்டு இலேசான கூர்ங்கோபுரத்தை அமைத்தனர்.

உள்ளே சென்றால் சுவர்களும் தூண்களும் பளிங்குபோல் மின்னும். பளிங்கு என்று எண்ணிச் செல்வோர் உண்டு. அது ‘மதராஸ் சுண்ணம்’ எனப்பட்ட சாந்து. அதன் செய்முறையை மக்னெயர் எழுதி வைத்திருக்கிறார். மணல் சேராத சிப்பிச் சுண்ணாம்பு எடுத்துக்கொள்ளப்படும். முட்டையின் வெண்கருவையும் சர்க்கரைக் கட்டியையும் சேர்த்தடித்துக் குழம்பாக்குவர். தேங்காய் மட்டைகள் ஊறிய நீரை விட்டு இவற்றைக் கலந்து சுவரிற் பூசுவர். ஓரளவு உலர்ந்த பின்னர், உருண்டைக் கற்களால் மெருகு ஏறும்வரை தேய்த்துக்கொண்டேயிருப்பர். நாட்டிலே பழைய வீடுகளின் சுவரிலும் தூணிலும் கன்னத்தை வைத்துக் குளிர்ச்சி கண்டவர்களுக்கு இத்தொழிலின் அருமையை நான் விளக்க வேண்டியதில்லை. தென்னாட்டுக் கொத்தனாரின் கைவித்தை அது. கடல் கடந்து, ஓர் ஆங்கிலேயர் கோயிலின் உட்சுவரிலே அது போய்ப் பதிந்தது.

மக்பேர்சனுக்கு அக்கோயில் வளவிலேயே நினைவுச் சின்னம் உண்டு. நகரில் அவர் பெயரால் வீதியும் உண்டு. மக்னெயருக்கும் வீதி உண்டு. சுவரைத் தேய்த்தவன் பெயரால் வீதியொன்றை நான் கண்டதில்லை.

எனினும் தமிழர் வாயிலே ஒரு பெயர் நெடுங்காலம் வழங்கிற்று. சிராங்கூன் வீதிப் பகுதியை அவர்கள் ‘சுண்ணாம்புக் கம்பம்’ என்றனர். சுண்ணாம்புக் காளவாய்கள் இருந்த இடமாதலின் அப்பெயர். அவ்வீதியில் கைதிகளின் செங்கற் சூளையும் இருந்தது. அங்கே அறுத்த செங்கல் 1867இல் ஆக்ராவில் நடந்த பொருட்காட்சியில் வெள்ளிப் பதக்கம் பெற்றது. இன்று அப்பகுதிக்கு ‘லிட்டில் இந்தியா’ என்று பெயர். மல்லிகைச் சரமும் மசாலைத் தூளும் வாங்கப் பிரயாணிகள் திரள்கின்றனர். சுண்ணாம்பின் பெயரை அறிந்தவர் அருகிவிட்டனர்.

கைதியாகவன்றிச் சுயாதீனமாக வந்த தமிழரையும் இங்கே குறிப்பிடல் வேண்டும். 1819இல் இராபிள்ஸ் துரையுடன் பினாங்கிலிருந்து வந்த நாராயண பிள்ளை செங்கற் சூளை வைத்தவர், துணிக்கடை நடத்தியவர். சவுத் பிரிட்ஜ் வீதியிலுள்ள மாரியம்மன் கோயில் 1827இல் அவர் முயற்சியால் மரமும் கிடுகும் கொண்டு தொடங்கியது. 1843இல் அது கற்கட்டடமாயிற்று. அந்திரேயர் பேராலயமும் மாரியம்மன் கோயிலும் 1973இல் ஒருசேரத் தேசிய நினைவுச் சின்னங்களாயின. 2019ஆம் ஆண்டிலே, இராபிள்ஸ் வந்த இருநூறாம் ஆண்டையொட்டி, ஆற்றங்கரையில் அவர் சிலையருகே நாராயண பிள்ளையின் சிலையையும் சில காலம் நிறுத்தினர். இராபிள்ஸ் இன்னும் நிற்கின்றார், பிள்ளை அங்கில்லை.

கைதிகளின் கதை முடிந்த விதத்தையும் கூறிவிடுகின்றேன். 1857இல் இந்தியாவிலே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்த செய்தி கேட்டுச் சிங்கப்பூரின் ஐரோப்பிய வர்த்தகர் நடுங்கினர். இத்தனை கைதிகளை எம்மிடையே கொட்டுவதா என்று முறையிட்டனர். 1867இல் ஆட்சி நேரே இலண்டன் குடியேற்ற நாட்டுக் காரியாலயத்துக்கு மாறியது. கைதிகளை அனுப்புவதும் நின்றது. அவ்வாண்டே தொடங்கி 1869 வரையில், எஞ்சியவர்களைக்கொண்டு தேசாதிபதியின் மாளிகையைக் கட்டுவித்தனர். இன்று குடியரசுத் தலைவரின் இஸ்தானா அது. பெருநாட்களிலே வாயிலைத் திறந்துவிட, மக்கள் குடும்பத்துடன் சென்று புல்வெளியில் உலாவுகின்றனர்.

1873இல் பிராஸ் பாசாச் சிறை கலைக்கப்பட்டது. தண்டனை முடியாதவர்களை அந்தமானுக்கு ஏற்றினர். விடுதலை பெற்றோரிற் பலர் ஊர் திரும்பாது அங்கேயே தொழில் செய்து, மணம் முடித்து, நகரத்தாரோடு நகரத்தாராய்க் கலந்தனர். பின்னர் சிறைக் கட்டடமும் இல்லாதொழிந்தது. அதன் அயலிலே பென்கூலன் என்னும் பெயர் தாங்கிய தெரு ஒன்று இருக்கின்றது. மாணவரும் பிரயாணிகளும் அங்கே பஸ்ஸுக்குக் காத்து நிற்கின்றனர்.