கர்ணமும் கைப்பேசியும்

சங்கராபுரம் பக்கத்தில் கர்ணம் என்றால் ஒரு காலத்தில் கலெக்டருக்கு அடுத்தபடி. திண்ணையில் உட்கார்ந்தே அடங்கல் எழுதிவிடுவார் என்று ஊரார் கேலி செய்வார்கள். 1980 நவம்பர் 14-ல் எம்.ஜி.ஆர். சர்க்கார் அவசரச் சட்டம் போட்டுக் கர்ணம், முன்சீப் பதவிகளை ஒழித்தது. பரீட்சை எழுதிய கிராம நிர்வாக அலுவலர் வந்தார்.

2024-ல் அவர் தலையில் விழுந்தது டிஜிட்டல் பயிர் சர்வே. ஒவ்வொரு உட்பிரிவிலும் போய் நின்று, பயிரைப் படம் பிடித்துக் கைப்பேசியில் ஏற்ற வேண்டும். திண்ணைக் கணக்கு ஒழிந்தது நல்லதுதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாருடைய வேலை குறைந்தது? மேலிடத்தில் கூட்டல் போடுகிறவருக்குக் குறைந்தது. வரப்பில் நடப்பவருக்குக் கூடியது. பட்டா மாறுதலும் சான்றிதழ் விசாரணையும் அப்படியேதானே இருந்தன! அலுவலர் சங்கங்கள் மறுத்தன. அந்த நவம்பரில் சர்க்கார் வேளாண்மைக் கல்லூரி மாணவர்களை வயலில் இறக்கியது.