டைனோசர் பொம்மையும் அரியலூர் எலும்பும்

ஜவ்வாது மலையில் எங்கே தோண்டினாலும் டைனோசர் எலும்பு கிடைக்காது. அந்த மலைப் பாறைகளில் பெரும்பாலானவை 200 கோடி ஆண்டுகளுக்கும் முந்தியவை. அப்போது எலும்புள்ள உயிரினமே உலகத்தில் கிடையாது! தமிழ்நாட்டில் டைனோசரைத் தேட வேண்டுமானால் தெற்கே அரியலூருக்குத்தான் போக வேண்டும். அங்கே கிடைத்த ஒரு விலங்கு, டைனோசர் பொம்மை சேகரிப்பவர்களுக்குத் தீராத புதிராக இருக்கிறது.

முதலில் பொம்மைகளின் கதை. 1854-ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் வாட்டர்ஹவுஸ் ஹாக்கின்ஸ் என்ற சிற்பி டைனோசர்களுக்கு முழு உருவச் சிலைகள் செய்தார். அவற்றின் சிறிய வடிவங்களும் விற்பனைக்கு வந்தன. அதில் இகுவானடானுக்கு மூக்கின் மேல் ஒரு கொம்பு இருந்தது. 1878-ல் பெல்ஜியத்து நிலக்கரிச் சுரங்கத்தில் முழு எலும்புக்கூடுகள் கிடைத்த பிறகுதான், அது கொம்பு அல்ல, கட்டைவிரல் முள் என்று உறுதியானது.

1974 முதல் இங்கிலாந்தின் இன்விக்டா நிறுவனம், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் ஒப்புதலோடு 45-ல் ஒரு பங்கு அளவில் பொம்மைகள் செய்தது. விரல் எத்தனை, பல் எப்படி, வால் தரையில் இழுபடுகிறதா என்று பொம்மையை எலும்போடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் விமர்சிப்பவர்களின் வேலை.

எலும்பே இல்லாவிட்டால்?

அரியலூர் மாவட்டம் கல்லமேட்டில் கிடைத்த எலும்புகளை வைத்து, 1987-ல் யாதகிரி, அய்யாசாமி என்ற இந்தியப் புவியியல் ஆய்வுத்துறை அறிஞர்கள் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். 'பெரிய உடல் பல்லி' என்று அர்த்தம். முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர்! முதலில் அதை ஊன் உண்ணி என்றார்கள். 1995-ல் அது நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி வகை என்று மாற்றப்பட்டது. சில மதிப்பீடுகளில் எடை 100 டன்னைத் தாண்டுகிறது.

ஆனால் அந்த எலும்புகள் இன்று இல்லை. பூமியிலிருந்து எடுக்கும்போதே வலுவில்லாமல் இருந்தவை, பிறகு நொறுங்கிப்போயின. பல வருடங்கள் கோட்டோவியங்களை மட்டும் வைத்தே உலகம் வாதாடியது. புகைப்படங்கள் வெளியானது 2022-ல்தான்.

இன்விக்டா அளவில் இதற்குப் பொம்மை செய்தால் அந்தக் கால் எலும்பு 4.4 செ.மீ. வரும். சரிபார்க்க முடிவது அதுவும், தொடை, இடுப்பு, வால் எலும்புகளின் படங்களும்தான். தலை, கழுத்து எல்லாம் உறவுக்கார டைனோசர்களிடம் வாங்கிய கடன். இகுவானடானின் பொய்க் கொம்பைத் திருத்த எலும்பு வந்தது. இதைத் திருத்த கல்லமேட்டு மண் இன்னொரு எலும்பு தர வேண்டும். அடுத்த மழைக்கு முன் அதை யாராவது பத்திரப்படுத்தவும் வேண்டும்.