வந்தவர் யார்?

கண்டிக்கு வடகிழக்கே நக்கிள்ஸ் மலைச்சாரலில் அமைந்த ஊர் மடுல்கெல்ல. இத்தகைய தோட்டப் பகுதிகளில் வாழ்ந்த மக்களை மனு எழுதவைத்தது, 1949ஆம் ஆண்டின் இந்திய, பாகிஸ்தானிய வாசிகள் குடியுரிமைச் சட்டம். 1946 ஜனவரி முதல் தேதிக்கு முன்னர், மணமானவர் 7 ஆண்டுகளும் மணமாகாதவர் 10 ஆண்டுகளும் இலங்கையில் இடையறாது வாழ்ந்திருத்தல் வேண்டும் என்றது அச்சட்டம். மனுச் செய்வதற்கு 1951 ஆகஸ்ட் 5 வரை தவணை இருந்தது. யார், எப்போது வந்தார் என்பதே அங்கு உயிர்நாடி.

"இரண்டு வயதில் இலங்கைக்கு வந்து, தந்தையார் தோட்டத்தில் வேலைக்கமர்ந்தார்" என ஒரு மனுதாரர் எழுதுவதாகக் கொள்வோம். இரண்டு வயதில் வந்தவர் மனுதாரர். வாக்கியமோ தந்தையாரை இரண்டு வயதில் வேலைக்கு அனுப்பிவிடுகிறது! ஆங்கிலத்தில் எழுதினும் இப்பிழை நேரும். வாக்கியத்தின் முகப்பில் நிற்கும் எச்சத் தொடர், அடுத்து வரும் எழுவாயையே தன் வினைமுதலாகப் பற்றிக்கொள்ளும்.

இவ்வுண்மையைத் தமிழிலக்கணம் பண்டே கண்டது. செய்து, செய்யூ, செய்பு என்னும் வினையெச்சங்கள் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடிதல் வேண்டும் என்கிறது தொல்காப்பியம். "கால் ஒடிந்து விழுந்தான்" என்பது போல, உறுப்பின் வினை உறுப்புடையவனோடு முடியலாம் என்ற விலக்கையும் அது தருகிறது. 13ஆம் நூற்றாண்டை ஒட்டி நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவரும் இம்முறையைப் பேணினார். எழுவாய் வேறுபடுமிடத்துச் 'செய' என்னும் எச்சம் உதவும்: மழை பெய்யப் பயிர் தழைத்தது.

ஆங்கிலப் பெரும்புலவரும் இவ்வகையில் வழுவியதுண்டு. 1600ஐ ஒட்டி ஷேக்ஸ்பியர் இயற்றிய ஹாம்லெட் நாடகத்தில், தான் பழத்தோட்டத்தில் உறங்கையில் பாம்பு கடித்து இறந்ததாக ஊரார் நம்புவதை மன்னனின் ஆவி சொல்கிறது. அங்கே சொற்கள் நிற்கும் முறைப்படி உறங்கியது பாம்பே. ஆயினும் கேட்போர் மயங்குவதில்லை. ஃபவ்லர் என்னும் அறிஞர் 1926இல் வெளியிட்ட ஆங்கில வழக்கு அகராதியில், எழுவாயோடு ஒட்டாத எச்சங்களைத் தனித்தலைப்பிட்டு ஆராய்ந்தார்.

நாடகத்தில் மன்னனைக் கேட்போர் அறிவர். மனுவைப் படிக்கும் அதிகாரியோ மனுதாரரை அறியார். அவருக்குத் தாளில் உள்ள சொற்களே சான்று. ஆதலின், "நான் இரண்டு வயதில் இலங்கைக்கு வந்தேன், என் தந்தையார் தோட்டத்தில் வேலைக்கமர்ந்தார்" என்று பிரித்தெழுதுதலே தக்கது. ஆங்கிலம் பயிலும் தமிழ் மாணவர் இதற்குப் புதுவிதி தேட வேண்டுவதில்லை. எச்சத்தைக் கண்டதும், "இதனைச் செய்தவர் யார்?" என வினவி, அவரையே அடுத்து நிறுத்தினால் போதும். அவ்வினாவைத் தாய்மொழி இலக்கணம் முன்னரே கற்பித்திருக்கிறது அன்றோ?