எஸ்.எஸ்.டி.யைக் கேஷாகப் பூட்டுவதற்கு முன் அளந்து பார்க்க வேண்டியவை

ஆவணங்களைச் சேர்த்து வைக்கும் ஒரு சிறிய அலுவலகத்தை எடுத்துக்கொள்வோம். நாலைந்து வன்தட்டுகள் கொண்ட ஒரு சேமிப்புக் கணினி அங்கே இருக்கும். அதற்குள் ஸ்கான் செய்த முறைப்பாட்டுப் பிரதிகள், பழைய புகைப்படங்கள், வாக்குமூலக் காணொளிகள். கணினி மந்தமாகிவிட்டது என்று கடையில் சொன்னால் உடனே வரும் பதில்: "ஒரு எஸ்.எஸ்.டி.யைக் கேஷாப் போடுங்கோ, பறக்கும்."

யோசனை பிழையில்லை. நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் வன்தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெக்கன் எடுக்கிறது. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடக்கும் சிறிய கோப்புகளைத் தேடினால் செக்கனுக்கு நூறு, நூற்றைம்பது வேலைக்கு மேல் அதனால் முடியாது. எஸ்.எஸ்.டி. ஆயிரக்கணக்கில் செய்யும். அடிக்கடி தேவைப்படுவதை எஸ்.எஸ்.டி.யிலும் மற்றதை வன்தட்டிலும் வைப்பதுதான் கேஷ், அதாவது பாடசாலைப் புத்தகங்கள் சொல்லும் பதுக்கு நினைவகத்தின் வேலை. லினக்ஸில் இதற்கான டிஎம்-கேஷ், பிகேஷ் இரண்டும் 2013இல் சேர்க்கப்பட்டன.

ஆனால் கேஷ் இரண்டு விதமாக இயங்கும். வாசிப்புக் கேஷில் அசல் எப்போதும் வன்தட்டில் இருக்கும், எஸ்.எஸ்.டி. செத்தாலும் நட்டமில்லை. 'ரைட்-பேக்' எனப்படும் எழுத்துக் கேஷில், தரவு எஸ்.எஸ்.டி.க்குப் போனதுமே "எழுதியாயிற்று" என்று பதில் வந்துவிடும். வன்தட்டுக்குப் போவது பிறகுதான். அந்த இடைவெளியில் உங்கள் கோப்பின் ஒரே பிரதி எஸ்.எஸ்.டி.யில் மட்டுமே இருக்கிறது. போரில் வீட்டோடு அல்பத்தையும் இழந்த குடும்பத்துக்கு, உறவினரிடம் இருந்து வாங்கி ஸ்கான் செய்த ஒரு படம்தான் மிச்சமென்றால், அந்த இடைவெளி சிறிய விடயம் அல்ல.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். பெட்டியில் அச்சிட்ட எண்ணை நம்பி வாங்கக் கூடாது. சாம்சங் 870 கியூ.வி.ஓ.வின் 1 டெராபைட் வகையை எடுத்துக்கொண்டால், எழுதும் வேகம் செக்கனுக்கு 530 எம்.பி. வரை என்கிறது நிறுவனம். அதே நிறுவனத்தின் விபரத்தாளில் இன்னொரு வரியும் உண்டு: உள்ளே இருக்கும் வேகமான பகுதி அதிகபட்சம் 42 ஜி.பி. அது நிரம்பிய பிறகு வேகம் 80 எம்.பி. மட்டுமே. தொடர்ச்சியாக எழுதுவதென்றால் இன்றைய சாதாரண வன்தட்டே இதைவிட விரைவானது. உதவிக்கு வந்த கேஷ் இந்த இடத்தில் தடையாகிவிடுகிறது. பலரும் ஓட்டிப் பார்க்கும் கிறிஸ்டல்டிஸ்க்மார்க் வழமையாக 1 ஜி.பி. அளவில்தான் சோதிக்கிறது. அந்த 42 ஜி.பி.க்கு வெளியே அது எட்டியும் பார்ப்பதில்லை.

சேமிப்புத் துறையின் எஸ்.என்.ஐ.ஏ. அமைப்பு இதற்கென ஒரு சோதனை முறையை வகுத்திருக்கிறது. எஸ்.எஸ்.டி.யை முற்றாக அழித்து, அதன் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு எழுதி, அதன் பின்னரே அளக்கத் தொடங்க வேண்டும். அடுத்தடுத்த ஐந்து சுற்றுகளின் முடிவுகள் சராசரியிலிருந்து பெரிதாக விலகாமல் நிலைத்த பிறகு கிடைப்பதுதான் கணக்கில் எடுக்கக்கூடிய எண். ஒரு இரவு முழுக்க ஓடும். பரவாயில்லை, ஓடட்டும்.

அளக்கும் கருவி, ஜென்ஸ் அக்ஸ்போ எழுதிய எஃப்.ஐ.ஓ. என்ற இலவச மென்பொருள். 4 கே.பி. துண்டுகள், சிதறிய எழுத்து, ஒரு நேரத்தில் ஒரு வேலை, ஒவ்வொரு எழுத்தும் உறுதியாகப் பதிந்த பிறகே அடுத்தது என்று அமைக்க வேண்டும். கவனம்: சாதனத்தை நேரடியாகச் சோதித்தால் அதிலுள்ள அனைத்தும் அழியும். இந்தச் சோதனையில்தான் மலிவான எஸ்.எஸ்.டி.கள் அம்பலமாகும். விளம்பரத்தில் பல்லாயிரம் என்றவை சில நூறுக்கு இறங்குவதுண்டு. சராசரியை மட்டும் பார்க்காமல், ஆயிரத்தில் மிக மெதுவான ஒன்று எவ்வளவு நேரம் எடுத்தது என்றும் பாருங்கள். இடையிடையே கணினி உறைந்து நிற்பது அதனால்தான்.

வேகச் சோதனை காட்டாத விடயம் மின்வெட்டு. 2013இல் ஃபாஸ்ட் மாநாட்டில் வெளியான ஒரு ஆய்வில் 15 எஸ்.எஸ்.டி.களுக்கு மின்சாரத்தைத் திடீர் திடீரெனத் துண்டித்துப் பார்த்தார்கள். 13 பிழைத்தன: சிலவற்றில் தரவு சிதைந்தது, சிலவற்றில் "எழுதியாயிற்று" என்று சொல்லப்பட்டதே காணாமல் போனது. 2022 மார்ச் கடைசியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டையும், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி நாடு முழுவதும் இருண்டதையும் கண்டவர்களுக்கு இது தூரத்துச் சோதனை அல்ல. யூ.பி.எஸ். உதவும், ஆனால் அதன் பற்றரியும் கிழடாகும். கணினிக்குள் இருக்கும் பவர் சப்ளை எரிந்தால் யூ.பி.எஸ். இருந்தும் பயனில்லை.

சேர்வர்களுக்கான பல எஸ்.எஸ்.டி.களில் மின் இழப்புப் பாதுகாப்புக்குக் கொள்ளளவிகள் உண்டு. மின்சாரம் போன கணத்தில் கையிலிருப்பதை எழுதி முடிக்க அவை போதும். 2012இல் வந்த இன்டெல் டி.சி. எஸ்3700 அத்தகையது. அதன் 400 ஜி.பி. வகைக்கு 7300 டெராபைட் எழுத உத்தரவாதம் கொடுத்தார்கள். மேலே சொன்ன 1 டெராபைட் கியூ.வி.ஓ.வுக்கு 360 மட்டும். தேய்மான அளவைப் பார்த்து வாங்கினால், இரண்டாங்கைச் சேர்வர் எஸ்.எஸ்.டி. புதிய மலிவு எஸ்.எஸ்.டி.யை விட மேல் என்பது என் எண்ணம். அந்தப் பாதுகாப்பு இல்லாத எதையும் வாசிப்புக் கேஷாக மட்டும் பாவியுங்கள்.

உங்களுக்குக் கேஷ் தேவையா என்பதும் அளந்து பார்க்க வேண்டியதே. பிகேஷ், 4 எம்.பி.க்கு மேல் தொடர்ச்சியாக ஓடும் வாசிப்பையும் எழுத்தையும் வழமையாகக் கேஷுக்குள் எடுப்பதே இல்லை. ஆகவே நீளமான காணொளிகளைப் பார்ப்பதில் வேறுபாடு தெரியாது. சிறுபடங்கள், தேடல் அட்டவணை, ஆயிரக்கணக்கான கோப்புகள் கொண்ட கோப்புறைகள் ஆகியவற்றில் தெரியும். அன்றாடம் செய்யும் ஒரு வேலையைக் கேஷ் இல்லாமலும், கேஷுடன் மூன்று தடவையும் செய்து நேரத்தைக் குறியுங்கள். கேஷுடன் செய்யும் முதல் தடவை அது வெறுமையாக இருக்கும் என்பதால் அந்த எண்ணைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கணினியின் ரமும் கோப்புகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் ஒவ்வொரு தடவைக்கும் முன் கணினியை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். வேறுபாடு சொற்பமென்றால், அந்தக் காசுக்கு இன்னொரு வன்தட்டு வாங்கி, முழுப் பிரதி எடுத்து வேறு ஊரில் வைக்கலாம்.