வாக்குரிமையும் நலவாழ்வும் : இலங்கை வரலாறு தரும் ஒரு சான்று

திருவள்ளுவர் நோயைப் பற்றி ஈரிடத்துப் பேசுகின்றார். 'மருந்து' என்னும் அதிகாரத்தில் தனிமனிதனின் உணவொழுக்கத்தோடு இயைத்துப் பேசுகின்றார். 'நாடு' என்னும் அதிகாரத்தில் நோயின்மையை நாட்டின் இலக்கணங்களுள் ஒன்றாக வைத்து எண்ணுகின்றார். முன்னையது உண்பவன் பொறுப்பு. பின்னையது ஆள்வோர் பொறுப்பு. பின்னையதே இக்கட்டுரையின் பொருள்.

ஆட்சிமுறையும் சமுதாய நிலையும் மக்களின் உடல்நலத்தை எவ்வாறு உருவாக்குகின்றன என ஆராய, இருபதாம் நூற்றாண்டின் இலங்கையை நாம் எடுத்துக்கொள்கின்றோம். வருவாயிற் சிறிய அந்நாடு இறப்பைக் குறைப்பதில் செல்வ நாடுகளும் வியக்கும் வெற்றி கண்டது. அதே தீவில், அதே காலத்தில், தமிழகத்திலிருந்து சென்று குடியேறிய மலையகத் தோட்டத் தொழிலாளர் அவ்வெற்றியின் புறத்தே நிறுத்தப்பட்டனர். ஒரே அரசின்கீழ் இரு வரலாறுகள் நடந்தமையின், ஒன்றனையொன்று ஒப்பிட்டுக் காரணம் காண்பது எளிதாகின்றது.

1. கொள்ளைநோயும் சட்டசபையும்

1931-ஆம் ஆண்டில் டொனமூர் அரசியலமைப்பின்படி, இருபத்தொரு வயது நிரம்பிய ஆடவர் பெண்டிர் அனைவர்க்கும் இலங்கையில் வாக்குரிமை வழங்கப்பட்டது. குடியேறிய தொழிலாளர்க்கு மட்டும் வதிவிட நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஆட்சி ஆங்கிலேயரிடமே இருப்பினும், ஊர்ப்புற உழவன் தன் உறுப்பினரைத் தேர்ந்து சட்டசபைக்கு அனுப்பும் நிலை பிறந்தது.

மூன்றாண்டுகள் கழிந்து 1934-இல் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. தெதுறு ஓயா, மகா ஓயா, களனி ஆகிய ஆறுகள் ஓட்டமற்றுக் குட்டைகளாய்த் தேங்கின. அக்குட்டைகளில் மலேரியாவைப் பரப்பும் கொசு பெருகியது. குருநாகல், கேகாலைப் பகுதிகளில் ஆண்டின் இறுதியில் தொடங்கிய காய்ச்சல், சில திங்களில் ஏறத்தாழ 80,000 உயிர்களைக் கொண்டது. ஆண்டுதோறும் காய்ச்சல் காணும் வறள்நிலத்தார் ஓரளவு நோய்தாங்கும் ஆற்றல் பெற்றிருந்தனர். ஈரநிலத்தார்க்கு அவ்வாற்றல் இல்லை. அன்றியும், உலகப் பொருளாதார வீழ்ச்சியால் தேங்காய், இரப்பர் விலைகள் சரிந்து, வேலையும் கூலியும் அற்றிருந்த காலம் அது. மழை பொய்த்தது இயற்கை. பசித்த உடலில் காய்ச்சல் புகுந்தது சமுதாய நிலை. 1935-இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் 263 ஓராண்டு நிரம்புமுன் இறந்தன.

இத்தகைய பேரிடர்கள் முன்னரும் நேர்ந்தன. ஆயினும் இம்முறை இறந்தோரின் உறவினர் வாக்காளராய் இருந்தனர் என்பது கருதத்தக்கது. நோயுற்ற ஊர்களில் மருந்தும் பருப்பும் வழங்கிய இளைஞர்களுள் ஒருவரான என். எம். பெரேராவை மக்கள் 'பருப்பு மாத்தையா' என்றே அழைத்தனர். அவரும் பிலிப் குணவர்த்தனவும் 1935 இறுதியில் தோன்றிய லங்கா சமசமாஜக் கட்சியின் சார்பில் 1936 தேர்தலில் வென்று சபை புகுந்தனர். பெரேரா வென்ற ருவான்வெல்லை, நோய் கடுமையாகத் தாக்கிய கேகாலைப் பகுதியைச் சார்ந்தது. அதன்பின் தத்தம் தொகுதிக்கு மருத்துவமனை, மருந்தகம், மருத்துவிச்சி எனக் கேட்டுப் பெறுவது உறுப்பினர் கடமையுள் ஒன்றாயிற்று. 1926-இல் களுத்துறையில் தொடங்கப்பட்ட சுகாதாரப் பிரிவு முறை பிற பகுதிகளுக்கும் பரவிற்று. கன்னங்கராவின் முயற்சியால் 1945-இல் இலவசக் கல்வி வந்தது. 1951-இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணம் நீக்கப்பட்டது. 1946-இல் ஆயிரம் பிறப்பிற்கு 141 ஆக இருந்த குழந்தை இறப்பு மறு ஆண்டே 101 ஆகக் குறைந்தது.

2. ஒரு மறுப்பும் விடையும்

இவ்வீழ்ச்சிக்கு அரசியலைக் காரணமாகக் கூறுதல் வேண்டா, 1946 முதல் தெளிக்கப்பட்ட டி.டி.டி. மருந்தே காரணம் எனக் கூறுவாரும் உளர். பீட்டர் நியூமன் மலேரியா ஒழிப்பிற்குப் பெரும்பங்கு அளித்தார். மீகம முதலிய ஆய்வாளர், மலேரியா மிகாத பகுதிகளிலும் இறப்பு குறைந்தமையைக் காட்டி, மருத்துவ வசதிப் பெருக்கத்தையும் உணவையும் வலியுறுத்தினர். மருந்தின் ஆற்றலை நாம் மறுக்கவில்லை. எனினும் மருந்து தானே ஊர்தோறும் நடந்து செல்வதில்லை. அதனைக் கொண்டு செல்லும் ஆட்சிக்கருவி தளர்ந்தால் பயன் நில்லாது. 1963-இல் நாடு முழுவதும் 17 பேரிடம் மட்டுமே மலேரியா காணப்பட்டது. கண்காணிப்புத் தளர்ந்தபின், 1969-இல் நோயுற்றோர் ஐந்து இலட்சத்தைக் கடந்தனர். மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனத்தின் சான்று 2016-இல்தான் கிடைத்தது.

3. தோட்டத்தின் வரலாறு

இனி மலையகத்தை நோக்குவோம். கண்டிச் சீமைக்குச் சென்ற தமிழர் முதலில் மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்தனர். காலராவினாலும் பசியாலும் பலர் வழியிலேயே மாண்டனர். தோட்டம் சேர்ந்தபின் அவர்தம் உடல்நலம் முதலாளியின் பொறுப்பாக வகுக்கப்பட்டது. 1872-ஆம் ஆண்டிலும் 1912-ஆம் ஆண்டிலும் இயற்றப்பட்ட மருத்துவத் தேவைச் சட்டங்கள் இதற்கு அடிப்படை. கொக்கிப்புழு ஒழிப்பு முயற்சி 1916-இல் தோட்டங்களிலேயே தொடங்கிற்று. 1934-35 கொள்ளைநோயில், கொசு பெருகாத உயர்மலைத் தோட்டங்கள் தப்பின. தாழ்நிலத் தோட்டங்களிலும் அரிசியும் கொயினாவும் கிடைத்தமையால் சுற்றூர்களிற் போன்ற பேரழிவு நேரவில்லை. ஆகவே தோட்டம் தொடக்கமுதலே ஊரினும் தாழ்ந்திருந்தது என்பதற்கில்லை. இது நம் ஆராய்ச்சிக்கு இன்றியமையாத செய்தி. இடைவெளி பின்னரே விரிந்தது. எப்பொழுது, ஏன் என்பதே வினா.

1947-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு இடங்களை வென்றது. தலவாக்கலையில் வென்றவர், மலையக நாட்டார் பாடல்களைத் தொகுத்த கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை ஆவர். 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. 1949-ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டம் வாக்குரிமையையும் பறித்தது. 1952 தேர்தலில் அக்காங்கிரசிற்கு ஓரிடமும் இல்லை.

நாட்டு மக்கள் இலவச மருத்துவமும் கல்வியும் பெற்று உயர்ந்த காலமும், தோட்டத்தார் சபையில் குரலிழந்த காலமும் ஒன்றே. ஊரில் வாழ்வார்க்கு மருத்துவமனை அரசின் கடன். தோட்டத்தார்க்கு அது துரையின் செலவுக் கணக்கு. நோயாளி வேலைக்குத் தகுதியுடையவரா என்பதைக் கூறும் மருத்துவ உதவியாளர் அத்துரையிடமே சம்பளம் பெற்றார். லயக் காம்பராவில் ஓரறையில் ஒரு குடும்பம் வாழ்ந்தது. பிள்ளை மடுவத்தில் குழந்தையை விட்டுத் தாய் கொழுந்து பறிக்கச் சென்றாள். தோட்டப் பள்ளி தொடக்க வகுப்புகளோடு நின்றமையால் பெண்கல்வி குன்றியது. தாய் கல்லாதவிடத்துக் குழந்தை இறப்பு மிகுதல் யாண்டும் காணப்படுவது. ஐம்பது, அறுபதுகளில் நாட்டின் சிசு இறப்பு விரைந்து குறைய, தோட்டத்தின் குறைவு பின்தங்கியது.

உணவு வரலாறும் இதனையே காட்டுகின்றது. 1953-இல் பங்கீட்டரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்த்தப்பட்டபோது நாடெங்கும் ஹர்த்தால் எழுந்தது. பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி விலகினார். வாக்காளரின் பசி ஓர் அமைச்சையே அசைத்தது. 1973-74-இல் பங்கீடு குறைந்து உணவுப் பஞ்சம் வந்தபோது, காணியற்ற தோட்டத் தொழிலாளர் பலர் பட்டினியால் மாண்டனர். தோட்டங்களில் இறப்புவீதம் கூர்மையாக உயர்ந்தது. அதன்பொருட்டு எவ்வமைச்சும் அசையவில்லை.

4. முடிபு

மேற்கூறியவற்றால் வாக்குரிமை ஒன்றே நலத்தைத் தரும் என நாம் துணியவில்லை. 1975-இல் பெருந்தோட்டங்கள் அரசுடைமையாயின. தொண்ணூறுகள் முதல் தோட்ட மருத்துவமனைகள் சில அரசின் பொறுப்பில் வந்தன. 2003-ஆம் ஆண்டுச் சட்டம் எஞ்சிய நாடற்றோர்க்கும் குடியுரிமை வழங்கிற்று. சிசு இறப்பின் இடைவெளி இதற்கிடையே பெரிதும் சுருங்கியது. ஆயினும் 2016-ஆம் ஆண்டு மக்கள்தொகை நலவாழ்வு ஆய்வின்படி, ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் வளர்ச்சி குன்றி உயரம் குறைந்தோர் நாடு முழுவதும் நூற்றுக்கு 17 பேர். தோட்டங்களில் 32 பேர். சட்டம் ஒருநாளிற் பறித்ததைச் சட்டம் ஒருநாளில் மீட்டுத்தர இயலாது. தாயின் குன்றிய உடல் சேயின் உடலிலும் தொடர்கின்றது.

நோய்க்கு உரிய மருந்து எது என்பது மருத்துவர் வினா. அம்மருந்து யாரிடம் சென்று சேர்ந்தது, யாரிடம் சேரவில்லை என்பது வரலாற்றாசிரியர் வினா. இவ்வினாவிற்கு அரசின் புள்ளிக்கணக்கோடு தோட்டப் பாடல்களும் சான்றாகும். தாலாட்டும் ஒப்பாரியும் பாடிய பெண்டிரின் பெயர்கள் எந்த வாக்காளர் பட்டியலிலும் இடம்பெறாத ஆண்டுகள் பல. அவ்வாண்டுகளின் பாடல்களைக் காலமுறைப்படுத்தி, இறப்புப் பதிவேடுகளோடு இணைத்துக் கற்கும் பணி தமிழ்த்துறை மாணவர்க்கு உரியது. மொழிப்புலமையும் வரலாற்றறிவும் ஒருங்கு வேண்டும் அப்பணியை இளைய ஆய்வாளர் மேற்கொள்வாராக.