வானொலி வளர்த்த பேதைமை: ஸ்பைக் மில்லிகனின் கலைவாழ்வு



1943ஆம் ஆண்டு, வட ஆப்பிரிக்காவின் துனிசியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. பிரிட்டிஷ் படையினர் மலை விளிம்பொன்றில் நிறுத்தியிருந்த பெரும் ஹவிட்சர் பீரங்கி, வெடித்த வேகத்தில் பின்னோக்கி உருண்டு பள்ளத்தில் விழுந்தது. கீழே வானொலித் தொடர்பு வண்டிக்குள் சில வீரர்கள் அமர்ந்திருந்தனர். சற்று நேரத்தில் வண்டியின் திரையை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்தது. இங்கே யாரேனும் ஒரு பீரங்கியைக் கண்டீர்களா என அத்தலை வினவிற்றாம். உள்ளிருந்தவர்களுள் ஒருவர், என்ன நிறப் பீரங்கி என்று கேட்டாராம். எட்டிப் பார்த்தவர் ஸ்பைக் மில்லிகன். மறுவினா தொடுத்தவர் ஹாரி சீகோம். பிற்காலத்தில் இருவரும் பலமுறை சொல்லிச் சொல்லி மெருகேற்றிய கதை இது. எனினும் பின்னர் இருபதாம் நூற்றாண்டுப் பிரிட்டனின் நகைச்சுவையைத் திசை திருப்பிய ஒரு கூட்டணியின் பிறப்புக் கதையாக இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

மில்லிகனின் இயற்பெயர் டெரன்ஸ் ஆலன் மில்லிகன். 1918 ஏப்ரல் 16இல் மகாராட்டிரத்தின் அகமத்நகரில் பிறந்தார். தந்தையார் பிரிட்டிஷ் படையில் பணியாற்றிய அயர்லாந்துக்காரர். பூனாவில் தொடக்கக் கல்வியும் இரங்கூனில் பிற்படிப்புமாக அவருடைய இளமை கழிந்தது. அன்றைய இரங்கூன் மக்கள்தொகையில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். அவர்களுள் தமிழரும் தெலுங்கரும் மிகுதி. ஆகவே அச்சிறுவனின் காதில் நம் மொழியும் விழுந்திருக்கக் கூடும் என்று எண்ணிப் பார்ப்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி. பின்னர் குடும்பம் இலண்டனுக்குப் பெயர்ந்தது. வேலைக்காரர் சூழ, வெயிலில் வளர்ந்த பிள்ளைக்குத் தென் இலண்டனின் குளிரும் வறுமையும் பேரிடியாய் அமைந்தன. ஜாஸ் இசை ஒன்றே துணையாயிற்று. ஸ்பைக் என்னும் பெயரும் ஸ்பைக் ஜோன்ஸ் என்ற அமெரிக்க இசைக் குழுத் தலைவரிடமிருந்து இரவல் பெற்றதே.

போர் அவரை இருவகையில் ஆக்கியது. தோழமையைத் தந்தது, உள்ளத்தையும் உடைத்தது. 1944 சனவரியில் இத்தாலியின் காசினோ அருகே எறிகுண்டினால் காயமுற்றார். உடற்காயம் சிறிதே. ஆனால் அதன்பின் கைகால் நடுக்கமும் அடக்க இயலா அழுகையும் பற்றிக்கொண்டன. இந்நிலையில் மேலதிகாரி ஒருவர் அவரைக் கோழை என்று கருதிப் பதவிப் பட்டையைப் பறித்தார். கூன் ஷோவில் வரும் படையதிகாரிகள் எல்லாரும் ஏன் கோழைகளாகவும் திருடர்களாகவும் வயிற்றுக் கோளாறு உடையவர்களாகவும் இருக்கின்றனர் என்பதற்கு இங்கேதான் விடை கிடக்கிறது.

கூன் ஷோ என்றேன். தமிழில் நாம் அறிந்த கூனுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பாப்பாய் படக்கதையில் வரும் கூன் எனும் விந்தை உருவங்களிலிருந்து எடுக்கப்பட்ட சொல் அது. போருக்குப் பின் இலண்டனில் ஜிம்மி கிராஃப்டன் என்பார் நடத்திய மதுக்கடையில் நால்வர் கூடினர்: மில்லிகன், சீகோம், பீட்டர் செல்லர்ஸ், மைக்கேல் பென்டைன். இவர்களின் கூத்து 1951 மே 28இல் பிபிசி வானொலியில் 'கிரேசி பீப்பிள்' என்னும் பெயரில் தொடங்கிற்று. 1952இல் 'தி கூன் ஷோ' ஆயிற்று. பென்டைன் விரைவிலேயே விலகினார். எஞ்சிய மூவரும் 1960 சனவரி வரை இருநூறுக்கு மேற்பட்ட நிகழ்ச்சிகளை வழங்கினர்.

இந்நிகழ்ச்சியின் சிறப்பை விளக்க ஒரு கதையைச் சொல்கிறேன். 1955இல் ஒலியேறிய நெப்போலியனின் பியானோ என்பது அது. சீகோம் நடிக்கும் நெட்டி சீகூன் என்ற ஏமாளியிடம் ஐந்து பவுண்டு தருவதாக ஒப்பந்தம் போடுகிறார்கள். வேலை எளியது, ஒரு பியானோவை ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு நகர்த்த வேண்டும். கையொப்பமிட்ட பின்னரே, பியானோ இருக்கும் அறை பாரிசிலும் அது போய்ச் சேர வேண்டிய அறை இங்கிலாந்திலும் உள்ளன என்பது தெரிகிறது. வேறு வழியின்றிப் பியானோவையே தோணியாக்கி ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிறார்கள். இதைத் திரைப்படமாக எடுத்தால் கடலும் மிதக்கும் பியானோவும் வேண்டும். வானொலிக்கோ அலையோசையும் ஒரு பியானோக் கட்டையும் போதும். கேட்பவன் தன் மனத்தில் கடலை விரித்துக்கொள்வான். மில்லிகன் இதனை நன்குணர்ந்தவர். மேடையில் காட்ட முடியாததையும் படத்தில் வரைய முடியாததையும் ஓசையால் கட்டினார். தர்க்கம் ஒன்று உண்டு. ஆனால் அது குழந்தையின் தர்க்கம். முதற்படி பொய்யாக இருக்கும், அதன்பின் வரும் படிகள் யாவும் பிசகாமல் அடுக்கப்பட்டிருக்கும்.

ஓசைக்காக அவர் பட்ட பாடு தனிக்கதை. ஈரமான ஏதோ ஒன்று சுவரில் அறையும் ஒலி வேண்டி, பிபிசி சிற்றுண்டிச் சாலையில் வாங்கிய கஸ்டர்டைத் தம் காலுறையில் ஊற்றிச் சுழற்றி அடித்துப் பார்த்தாராம். எதிர்பார்த்த ஒலி வரவில்லை; காலுறை பாழாயிற்று. 1958இல் பிபிசி ரேடியோஃபோனிக் பட்டறையைத் தொடங்கியபோது அங்கு உருவான தொடக்ககால ஒலிகளுள் ஒன்று மேஜர் பிளட்நாக்கின் வயிறு இரையும் ஓசை! மின்னணு இசையின் வரலாற்றில் வயிற்றுக்கோளாறுக்கும் ஓரிடம் உண்டு.

தொல்காப்பியர் நகை பிறக்கும் நிலைக்களன்களாக நான்கைச் சொல்கிறார். எள்ளலும் பேதைமையும் அவற்றுள் அடங்கும். மில்லிகனின் மாபெரும் படைப்பாகிய எக்கிள்ஸ் முழுக்க முழுக்கப் பேதைமையின் பிள்ளை. எக்கிள்ஸ் எதையும் அறியான், எவரையும் இகழான். உலகமே அவனுக்குப் புதிது. அப்பாத்திரத்துக்கு மில்லிகனே குரல் கொடுத்தார். செல்லர்சின் புளூபாட்டில் என்ற கீச்சுக்குரல் சிறுவனோடு எக்கிள்ஸ் உரையாடும் பகுதிகளே இன்றும் என்னைச் சிரிக்க வைப்பவை. ஏனைய பகுதிகளில் சில, உண்மையைச் சொன்னால், வெறும் இரைச்சல்தான்.

இதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. வாரந்தோறும் அரைமணி நேர நாடகம், அதிலும் பெரும்பகுதியைத் தாமே எழுதும் பொறுப்பு. 1952 முடிவில் மனம் முறிந்தது. உருளைக்கிழங்கு சீவும் கத்தியோடு செல்லர்சைக் கொல்லப் புறப்பட்டதாகப் பின்னர் அவரே கூறியிருக்கிறார். மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார், அவரின்றியே சில வாரங்கள் நிகழ்ச்சி நடந்தது. மீண்டு வந்து மறுபடியும் எழுதினார். லாரி ஸ்டீபன்ஸ், எரிக் சைக்ஸ் ஆகியோர் எழுத்துச் சுமையைப் பங்கிட்டுக்கொண்ட காலங்களும் உண்டு. மகிழ்ச்சியும் மனச்சோர்வும் மாறி மாறித் தாக்கும் நோய் வாழ்நாள் முழுதும் அவரை விடவில்லை. 1993இல் மனநல மருத்துவர் ஆன்டனி கிளேருடன் இணைந்து அந்நோய் குறித்து ஒரு நூலும் எழுதினார். மேடையில் கோமாளியாக நின்றவர் தம் நோயை மறைக்காமல் பொதுமக்கள்முன் பேசியது அந்தத் தலைமுறைக்குப் புதிது. பைத்தியம் பிடித்ததால்தான் அப்படி எழுதினார் என்று சிலர் வியந்து எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் அவருடைய எழுத்தை நிறுத்தியது. எழுத வைத்தது இசையறிவும் ஓயாத உழைப்புமே.

தொலைக்காட்சிக்கு அவர் வந்தது 1956இல். வணிகத் தொலைக்காட்சி பிரிட்டனில் தொடங்கி ஓராண்டும் ஆகாத காலம். செல்லர்சுடன் சேர்ந்து அவ்வோராண்டிலேயே மூன்று தொடர்கள். இயக்கியவர் ரிச்சர்ட் லெஸ்டர் என்னும் இளம் அமெரிக்கர். இதே குழுவினர் எடுத்து 1959இல் வெளிவந்த பதினோரு நிமிடக் குறும்படம் ஒன்றில், இசைக்குறிப்பைத் தொலைவில் நிறுத்தித் தொலைநோக்கியால் பார்த்து வயலின் வாசிப்பார் ஒருவர். பக்கம் புரட்ட மிதிவண்டியில் செல்வார். மரத்தின் அடிக்கட்டையில் இசைத்தட்டை வைத்து, ஊசியைப் பிடித்தபடி அதைச் சுற்றி ஓடுவார் மற்றொருவர். இப்படத்தை விரும்பிய பீட்டில்ஸ் இளைஞர்கள் தங்கள் முதற்படத்துக்கு லெஸ்டரையே இயக்குநராக ஏற்றனர். அவர்களின் இசைத்தட்டுகளைத் தயாரித்த ஜார்ஜ் மார்ட்டினும் அதற்குமுன் செல்லர்ஸ், மில்லிகன் இசைத்தட்டுகளைத் தயாரித்தவரே.

அறுபதுகளில் மேடை அவரை ஏற்றது. ஜான் ஆன்ட்ரோபசுடன் இணைந்து எழுதிய 'தி பெட் சிட்டிங் ரூம்' 1962இல் கேன்டர்பரியிலும் 1963இல் இலண்டன் மெர்மெயிட் அரங்கிலும் நடந்தது. அணுகுண்டுப் போருக்குப் பிந்திய இலண்டன். கதிர்வீச்சினால் தாம் ஓர் ஒற்றை வாடகை அறையாக மாறிவிடுவோமோ என்று அஞ்சும் பிரபு ஒருவர், அவ்வாறே மாறியும் விடுகிறார். கியூபா ஏவுகணை நெருக்கடி ஏற்பட்ட 1962ஆம் ஆண்டைச் சேர்ந்த நாடகம் என்பதை நினைத்துக்கொண்டு படித்தால் சிரிப்பு தொண்டையிலேயே நிற்கும்.

1964இல் ருசிய எழுத்தாளர் கொஞ்சரோவின் ஒப்லமோவ் புதினத்தின் நாடக வடிவில் நடித்தார். ஓடாது என்று அஞ்சிய நாடகம் அது. மில்லிகன் எழுதப்பட்ட வசனத்தைக் கைவிட்டு, ஒவ்வோர் இரவும் மனம் போனபடி பேசத் தொடங்கினார். தாமதமாக வந்து அமர்வோர் அவர் வாயில் அகப்பட்டுக்கொண்டனர். நாடகம் 'சன் ஆஃப் ஒப்லமோவ்' எனப் பெயர் மாறி வேறு அரங்குக்குச் சென்று 1966 வரை ஓடியது. 1965இல் எலிசபெத் அரசியார் தம் 39ஆம் பிறந்தநாளன்று குடும்பத்தோடு வந்து கண்டு களித்தார். அன்று பார்வையாளருள் இருந்த செல்லர்சோடு மேடையிலிருந்தபடியே மில்லிகன் வாயாடினார்.

1969இல் பிபிசி 2இல் 'கியூ5' தொடங்கியது. காட்சிகளுக்கு முடிவு கிடையாது. நகைச்சுவைத் துணுக்கு எங்கே முடிய வேண்டுமோ அங்கே நடிகர்கள் முணுமுணுத்துக்கொண்டு நடந்து போய்விடுவார்கள். உடையில் ஒப்பனையறைச் சீட்டு தொங்கிக்கொண்டிருக்கும். அதே ஆண்டு அக்டோபரில் ஒளியேறவிருந்த 'மான்டி பைத்தான்' குழுவினர் இதைக் கண்டு திகைத்தனர். தாங்கள் செய்ய எண்ணியதை இவர் முன்னரே செய்துவிட்டாரே என்று டெர்ரி ஜோன்ஸ் பின்னர் நினைவுகூர்ந்தார். மில்லிகனின் இயக்குநர் இயன் மெக்நாட்டனையே அவர்களும் அமர்த்திக்கொண்டனர். புகழ் அவர்களுக்குப் போயிற்று. மில்லிகனுக்கோ கியூ6 எடுக்க 1975 வரை காத்திருக்க நேர்ந்தது.

இனி ஒரு கசப்பான செய்தி. அதே 1969இல், ஜானி ஸ்பைட் எழுதிய 'கறி அன் சிப்ஸ்' என்ற வணிகத் தொலைக்காட்சித் தொடரில், முகத்தில் பழுப்பு மை பூசிக்கொண்டு, பாதி அயர்லாந்துக்காரரும் பாதிப் பாகிஸ்தானியருமான தொழிலாளியாக மில்லிகன் நடித்தார். வெள்ளையரின் இனவெறியைத்தான் கேலி செய்தோம் என்றனர். ஆனால் தொலைக்காட்சிப் பெட்டியிலிருந்து வெளிவந்தவை வசைச் சொற்களே. ஆறு நிகழ்ச்சிகளோடு அதிகாரிகள் தொடரை நிறுத்தினர். 1975இல் பிபிசிக்காக எடுத்த 'தி மெல்டிங் பாட்' தொடரில் முன்னோட்டம் மட்டுமே ஒளியேறியது. எஞ்சியவை பெட்டிக்குள் முடங்கின. அதே ஆண்டு கியூ6இல் பாகிஸ்தானி டாலெக் என்றொரு காட்சி. கூன் ஷோவிலேயே லால்காகா, பானர்ஜி என இரு இந்தியக் கேலிப் பாத்திரங்கள் உண்டு.

அவர் இந்தியாவை வெறுத்தவர் அல்லர். அகமத்நகரையும் பூனாவையும் ஏக்கத்தோடு எழுதியவர். தம்மை இந்தியர்களின் நண்பராகவே எண்ணியவர். அதனால்தான் அவருக்குத் தாம் செய்வது எள்ளல் என்று தோன்றவே இல்லை போலும். எக்கிள்சின் பேதைமையில் அவர் தம்மைத் தாமே சிரிப்புக்கு ஆளாக்கினார். லால்காகாவில் சிரிப்புக்கு ஆளானது வேறொருவரின் நாக்கு. நம் பேச்சின் ஓசையைக் கேட்டுப் பிறர் சிரிப்பதை அறிந்த சமூகத்தில் வாழ்பவன் நான். இக்காட்சிகளில் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பெரிய கலைஞர் என்பதற்காக வரவழைத்துக்கொள்ளவும் இயலவில்லை.

இவ்வளவுக்கும் பிரிட்டன் அவரைத் தன் குடிமகனாக எளிதில் ஏற்கவில்லை. பிரிட்டிஷ் படைவீரரின் மகன், பிரிட்டனுக்காகக் குண்டடிபட்டவர், ஆயினும் இந்தியாவில் அயர்லாந்துத் தந்தைக்குப் பிறந்தவர் என்பதால் பயண நூலுக்கு விசுவாச உறுதிமொழி கேட்டனர். மறுத்து, 1962இல் அயர்லாந்துக் குடியுரிமை பெற்றார். ஆகவே 2001இல் கிடைத்த நைட் பட்டமும் அயல்நாட்டவர்க்குத் தரும் மதிப்புறு பட்டமாகவே அமைந்தது. பழுப்பு மை பூசி வந்தேறியாக நடித்தவரும் சட்டத்தின் கண்ணில் அயலவரே.

1972இல் பிபிசியின் ஐம்பதாம் ஆண்டை ஒட்டிக் கூன்கள் இறுதியாக ஒருமுறை கூடினர். 1980இல் செல்லர்ஸ் மறைந்தார். 2001 ஏப்ரலில் சீகோம் மறைந்தபோது, என் இறுதிச் சடங்கில் அவர் பாடிவிடுவாரோ என்று அஞ்சியிருந்தேன், நல்லவேளை முந்திக்கொண்டார் என்னும் பொருள்பட மில்லிகன் பேசினார். மறு ஆண்டு பிப்ரவரி 27இல் அவரும் 83ஆம் வயதில் காலமானார். நினைவு வழிபாட்டில் சீகோமின் பாடலை ஒலிப்பதிவிலிருந்து ஒலிக்கச் செய்தனர்.