இருபது வினாவிற் சமயம்

அமெரிக்கத் தளமாகிய பிலீப்நெட், 'பிலீப்-ஓ-மேட்டிக்' என்னும் இருபது வினாக்களை இணையத்தில் வைத்தது. கடவுள் எத்தன்மையர், உலகம் எங்ஙனம் தோன்றியது, மரணத்தின்பின் யாது என வினவி, நம் விடைகளுக்கு எச்சமயம் எத்தனை வீதம் பொருந்துமென்று பட்டியலிட்டது.

வினாவிடை நமக்குப் புதிதன்று. பாதிரிமார் அம்முறையாற் பிள்ளைகளுக்குக் கிறிஸ்தவம் புகட்டிய 19ஆம் நூற்றாண்டில், ஆறுமுக நாவலர் (1822–1879) அக்கருவியையே கைக்கொண்டு சைவ வினாவிடை இயற்றினார். அதில் விடையும் ஆசிரியருடையது. இதில் விடை நம்முடையது.

கோப்பிக் காலத்தில் ஊவா மலையேறிய நம் முன்னோரோ மரத்தடியில் கல் நட்டு மாரியம்மன் என்றனர். பிணி தீர நேர்ந்து கதிர்காமம் நடந்தனர். நம் மாகாணத்து அத்தலத்தில் வாய்கட்டிப் பூசை செய்வோர் சிங்களக் கப்புறாளைமார். வணங்குவோரிற் சைவர், பௌத்தர், முஸ்லிம்கள் உளர். அவர்களுள் ஒருவர் விடையளித்தால் எப்பெயர் முதலில் வருமோ! நாம் தேடிப்பார்த்தோம், நேர்த்திக்கடனைப் பற்றி அவ்விருபதில் ஒரு வினாவும் இல்லை.